களம் மூடுகிறவன்

பதினேழாவது ஓவரின்போது
சேர்வராயன் மலையைக் காணோம்.

எங்களுக்குத்தான் முதலில் தெரிந்தது.
எல்லைக் கயிற்றுக்கு வெளியே
சுருட்டிவைத்த தார்ப்பாய் மேல்
முப்பது பேர் உட்கார்ந்திருந்தோம்.
பந்தைப் பார்க்கக் கூலி கிடையாது.
வானத்தைப் பார்க்கத்தான் அறுநூறு ரூபாய்.

கேலரியில் ஒருத்தரும் மேற்கே திரும்பவில்லை.
இன்னும் இருபத்து மூன்று ரன்.
வாழப்பாடி முழுக்க எழுந்து நின்று
பெயர் தெரியாத ஒரு பையனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

காற்று வந்தது.
ஐஸ் வண்டியின் குடை ஒன்று
கயிற்றைத் தாண்டி உள்ளே ஓடியது.
ஃபீல்டர் அதை விரட்டிப் போனதில்
பந்து நாலுக்குப் போனது.
பிறகு புழுதி.
பிறகு விளக்குக் கம்பம் தலையாட்டியது, வேண்டாம் வேண்டாமென்று.

அம்பயர் தொப்பியைப் பிடித்துக்கொண்டே கைகாட்ட,
"இழுங்கடா" என்று லாரன்ஸ் கத்தியதில்
"இழு" மட்டும் வந்து சேர்ந்தது.

ஓடினோம்.
தார்ப்பாய்க்குள் காற்று புகுந்து
மாதையனை இரண்டடி தூக்கிப் போட்டது.
பெரிய திரையில் அதைத்
திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.
நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
கூட்டம் சிரித்தது.

ஓரத்தை மிதி.
மூலையில் டயரை வை.
எழும்புகிற இடத்தில் முழங்காலைப் போடு.
எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.
பதினோரு வருசமாய்
ஆத்தூர் ரோட்டு சேகோ ஃபேக்டரியில்
களம் மூடுகிறவன் நான்.

அப்போதுதான் கல் விழுந்தது.
முதலில் முதுகில். பிறகு காதில்.
நீலப் பாய் மேல் வெள்ளை வெள்ளையாய்
துள்ளி, உருண்டு, ஒதுங்கி,
ஒரே அளவு, முதல் ரகம்.
என் கை தானாகவே
அதைப் பரப்பிவிடப் போனது.

மூன்று கிலோமீட்டர்தான்.
காலையில் நான்தான் கொட்டினேன்,
நாற்பது மூட்டை ஈர ஜவ்வரிசி.
"இந்த வெயிலுக்கு மழையாவது வர்றதாவது"
என்று முதலாளி லீவு கொடுத்தார்.
இப்போது அங்கே
சுகுணா, ஒடிசாக்காரப் பையன்கள் இரண்டு பேர்.
பாய்க்கு மூலை நாலு.

படுத்தே கிடந்தேன்.
பல்லுக்குள் ஒரு கல் போய்க் கரைந்தது.
ருசியே இல்லை.

அரைமணியில் விட்டது.
பாயை உருட்டியதும்
அம்பயர் குனிந்து பிட்சைத் தொட்டுப் பார்த்தார்.
விரலில் மண் ஒட்டவில்லை.
ஐயாயிரம் பேர் எங்களுக்குக் கைதட்டினார்கள்.
மாதையன் கும்பிடு போட்டான்.

லாரன்ஸின் பையிலிருந்து
என் போனை வாங்கிக் கூப்பிட்டேன்.
மூச்சு வாங்கினாள்.

"நாலாவது மூலையில நானே படுத்துக்கிட்டேன்.
காத்து என்னையும் சேத்து இழுக்குது.
பதினாலு மூட்டை கஞ்சியாப் போச்சு."

நான் பேசவில்லை.

"அங்க நனஞ்சுதா?"

"ஒரு சொட்டு இல்ல."

"ம்."

வைக்காமலே வேலைக்குத் திரும்பிவிட்டாள் போல.
இங்கே பந்துவீச்சாளன் மரத்தூள் கேட்டுக்கொண்டிருந்தான்.
காதுக்குள்
ஈரச் சிமெண்டைச் சுரண்டுகிற மண்வெட்டி.