நான்காம் எண் கம்ப்ரசர்

வெள்ளிக்கிழமை கடையை மூடும் நேரம்
நான்கு புது ஆல்பங்களை என் பைக்குள் திணித்தான் ஹாவ்கே.
"ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி எழுது.
திங்கட்கிழமை உறைமேல் ஒட்ட வேண்டும்.
அழகாக வேண்டாம்.
என்ன கேட்டதோ அது போதும்."

பிரேமர்ஹாஃபென் மீன் துறைமுகம்.
இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை
மைனஸ் இருபத்து நான்கில்
எண்ணூறு டன் மீனுக்கு நான் காவல்.
மீனுக்கும் காது உண்டாம்.
உள்ளே, வெளியில் தெரியாமல்.

இங்கே ஒரு விதி:
ஒரு காது இயந்திரங்களுக்கு.
வலதைக் கொடுத்துவிட்டேன்.
ஆக, ஐந்து வருடமாக
எல்லா ஆல்பத்திலும் இடது பாதியை மட்டும் கேட்டு
ஹாவ்கேக்கு எழுதித் தருகிறேன்.
அவனுக்கு இது தெரியாது.

கெண்ட் நகரத்து இருவர் செய்தது முதலில்.
லிஃப்ட் வந்து நிற்கும்போது ஒரு மணி அடிக்குமே,
எட்டுத் தடமும் அந்த மணிதான்.
கதவு திறக்கவில்லை.

அடுத்தது பெர்கனிலிருந்து.
நாற்பத்து மூன்று நிமிடம், ஒரே ஸ்வரம்.
பத்து நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை.
பதினோராவது நிமிடத்தில்
அந்த ஒன்றுமில்லாதது நடக்கத் தொடங்கியது.
இடது காதில் அவன் இழுப்பு,
வலது காதில் கூடத்தின் முணுமுணுப்பு,
சுருதி ஒரு மயிரிழை தள்ளி.
அந்த இழையில் ஏதோ மெதுவாகத் துடித்தது.
ஆல்பத்தில் இல்லை அது.
கூடத்திலும் இல்லை.
ஹெட்போனைக் கழற்றினால் போய்விடும்,
மாட்டினால் வந்துவிடும்.
கடையில் வாங்குகிறவனுக்கு
இதை எப்படி விற்பது?
கூடவே ஒரு குளிர்பதனக் கிடங்கும் வாங்கச் சொல்வதா?

மூன்றாவது நடனத்துக்கு.
அரைத்த மாவுதான்.
ஆனால் என்ன பதமாக அரைத்திருக்கிறார்கள்!
காட் பெட்டிகள் முப்பதை
நான் அறியாமல் அடுக்கி முடித்திருந்தேன்.
இடுப்பு ஒத்துக்கொண்டது.
என்னிடம் யாரும் கேட்கவில்லை.

நான்காவது உறையில் பெயரைப் பார்த்ததும் நின்றேன்.
ஸ்வான்ட்யே ஓல்ட்மன்ஸ்.
இரண்டு குளிர்காலம் இதே கூடத்தில்
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவள்.
மார்ச்சில் போய்விட்டாள், கேக் வெட்டினோம்.
அவள் கையுறைக்குள் ரெக்கார்டர் இருந்தது
எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

மூன்றாம் தடம்.
பனிமேல் யாரோ நடப்பதுபோல் ஒரு சரசரப்பு.
அதன் அடியில்
டக். டக் டக்.
கொஞ்சம் நொண்டும் தாளம்.
நல்ல டிரம், புது மாதிரி,
எந்தப் பெட்டியில் செய்தாளோ என்று நினைத்தபடி
ஹெட்போனைக் கழற்றினேன்.

தாளம் நிற்கவில்லை.

வலது காதில்,
நான்காம் எண் கம்ப்ரசருக்குள்,
டக். டக் டக்.
எட்டு மாதமாக என் எதிரில்தான் தட்டியிருக்கிறது.
செவிடன் காதில் சங்கு.
அவள் அதைப் பெரிதாக்கி,
எதிரொலி சேர்த்து,
பதினைந்து யூரோ விலை போட்டு அனுப்பிய பிறகுதான்
எனக்கு உறைத்தது: பேரிங்.

ஞாயிறு அதிகாலை மூன்று மணி.
நிறுத்தினேன், பிரித்தேன்.
உள்வளையத்தில் அரிசி அளவு பள்ளம்.
விரல் முட்டியில் தோல் போனது.
புதியதை ஏற்றி ஓடவிட்டேன்.
வெண்ணெய்.

மறுபடி அதே தடத்தைப் போட்டேன்.
இடதில் தட்டு.
வலதில் வழவழப்பு.
நான் சரிசெய்த சத்தம் எனக்கே பிடிக்கவில்லை,
இதை ஃபோர்மேனிடம் சொல்ல முடியாது.
விதியை மீறி இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டேன்.
ஆறு நிமிடம் பன்னிரண்டு நொடி.
வலது பக்கத்தில்,
கடைசித் தட்டுக்குச் சற்று முன்,
யாரோ தும்முகிறார்கள்.
நான்.

திங்கட்கிழமை அட்டையைப் படித்தான் ஹாவ்கே:
"பேரிங் எண் 6309.
மாற்றியாகிவிட்டது.
வலது காதாலும் கேட்கவும்."
"இது விமர்சனமா?" என்றான்.
ஒட்டினான், கோணலாக.

புதன் இரவு ஸ்வான்ட்யேவிடமிருந்து செய்தி:
நாலைச் சரிபண்ணிவிட்டாயாமே, பாவி.
ஏழு எப்படி இருக்கிறது?
இருமத் தொடங்கிவிட்டதா?

இல்லை என்று அனுப்பினேன்,
ஏழின் தகட்டில் காதை வைத்தபடி.