மஞ்சளில் எத்தனை

ஹார்லிங்கன் துறைமுகத்துக்குப் பின்னால்
கடலணையின் காலடியில் எங்கள் வீடு.
உப்புக்காற்றுக்குப் பணியாத சிவப்பு ரோஜாக்கள்
வேலியோரம் பத்தொன்பது வருஷம் பூத்தன.
ஒவ்வொரு ஜூனிலும் வோப்பே சொல்வான்:
"இந்த வருஷம் இலை நல்லா இருக்கு."
குறும்பு என்று நினைத்துக்கொண்டேன்.

என் ஐம்பதாவது பிறந்தநாளன்று
மேசைக்கு ஆறு பூ வெட்டி வரச் சொன்னேன்.
சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன்:
உச்சி வெயிலில்
இருட்டில் சாவி தேடுகிறவனைப் போலச்
செடிக்குள் விரல்விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான்.
இதழ் தட்டுப்பட்டால் ஒரு வெட்டு.
முள் தட்டுப்பட்டால் ஒரு வசவு.
உள்ளே வந்தவன்
மணிக்கட்டு ரத்தத்தை எண்ணெய்க் கறை என்றெண்ணிக்
கால்சட்டையில் துடைத்தான்.

இருபது வயதில் மாலுமித் தேர்வு எழுதினானாம்.
கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை;
அது தெரியாதவன் கையில் சுக்கான் தரமாட்டார்கள்.
அட்டையின் புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண்ணை
மற்றவர்கள் வாசித்தார்கள்.
இவன் புள்ளிகளைப் பார்த்தான்.
அதன்பின் முப்பது வருஷம்
தீவுப் படகின் வயிற்றில், என்ஜினோடு.

"என்னிடம் சொல்லியிருக்கலாமே."
"அந்தப் பூக்களைப் பற்றி நீ பேசுகிறபோது
குறுக்கே பேச மனசு வராது, சீட்ஸ்கே."

அக்டோபரில் மண்வெட்டி எடுத்தேன்.
எங்கள் களிமண் எதையும் சும்மா விடாது,
வேருக்கு வேர் பேரம் பேசியது.
பதினோரு செடிகள்
லேவார்டனுக்கு, தங்கை யெல்ட்யேவின் காரில்.
கார் திரும்பி மறைந்தபின் அழுதேன்.
தியாகம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்,
எனக்குக் கோபமாகவும் இருந்தது.

நாற்றுப்பண்ணை ஃப்ரௌக்யே என் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள்,
பின்பக்கம் வெறுமை.
"நீலம், மஞ்சள். அவ்வளவுதானா?
தோட்டம் போடுகிறாயா, கொடி ஏற்றுகிறாயா?"

நார்சிசஸ் கிழங்கு இருநூறு.
திராட்சைக் குலைபோல் பூக்கும் முஸ்காரி முந்நூறு.
கோடைக்கு டெல்ஃபினியம்,
அதன் காலடியில் கார்ன்ஃப்ளவர்.
இளஞ்சிவப்பாய் ஏதாவது தானாக முளைத்தால்
காலையிலேயே பிடுங்கிவிடுவேன், இரக்கமில்லாமல்.

ஏப்ரல் வந்தது.
சப்பென்று இருந்தது, எனக்கு.
உப்பை மறந்த சூப்.

அன்று மாலை ஏதோ விழுந்த சத்தம்.
வெளியே ஓடினேன்.
சைக்கிளை நிறுத்த மறந்துவிட்டு
வாசலிலேயே நின்றிருந்தான் வோப்பே,
சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.
நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை.
"அந்த மூலையில் மஞ்சள் கலந்துபோச்சே" என்றான்.
"எங்கே?"
"அதோ. அது வேற, இது வேற."
எனக்கு எல்லாம் ஒரே மஞ்சள்.

கையைப் பிடித்து வரிசை வரிசையாகக் கூட்டிப் போனான்.
இது வெளியே வைத்த வெண்ணெய்.
இது புதிதாக ஊற்றிய என்ஜின் எண்ணெய்,
இது அதே எண்ணெய், மூன்றாம் நாள்.
இது பழைய பியானோவின் கட்டை.
இது... இதற்குப் பெயரில்லை,
பனிமூட்டத்தில் படகின் முன்விளக்கைத்
தூரத்திலிருந்து பார்க்கிறபோது வருமே, அது.
ஏழு எண்ணினான்.
கண்ணாடி போட்டுக்கொண்டு
நாலு வரை நானும் கூடவே போனேன்.

ஜூனில் ஒருநாள் லேவார்டனுக்குப் போவேன்.
ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கட்டித் தருவான்.
"சிவப்பைப் பார்த்துட்டு வா."
யெல்ட்யே ரோஜாவுக்குப் போதுமான தண்ணீர் விடுவதில்லை,
அதையும் பார்த்துவிட்டு வருவேன்.

நேற்றும் அப்படித்தான்.
ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும் வழியில்
கால்வாய்ச் சேற்றில் காட்டு ஐரிஸ், மஞ்சள்.
ஐந்தாவதா, ஆறாவதா?
ஷூ நனைய இறங்கி ஒரு தண்டு ஒடித்தேன்.
இருட்டுவதற்குள் காட்டவேண்டுமென்று
கொஞ்சம் வேகமாக நடந்தேன்.