பதினேழுக்குள்

ஆலத்தம்பாடி கொள்முதல் நிலையத்தில்
பருவகாலப் பட்டியல் எழுத்தர் நான்.
சம்பா முடிந்து தராசுக்கு உறை போட்ட மறுநாள்
நாற்பத்தொரு கவிதைகளை
ஒரே கோப்பாக்கிக்கொண்டு
திருத்துறைப்பூண்டிக்குப் பேருந்து ஏறினேன்.

பட்டா, சிட்டா, பயிர்க்காப்பீடு, ஆதார் திருத்தம்
என்று எழுதிய பலகைக்குக் கீழே ஜெசிந்தா.
"புத்தகமா? போடலாம்க்கா. எந்தத் தளத்துல?"
அதுதான் எனக்குத் தெரியாது.
மூன்றைத் திறந்து வைத்தாள்.

முதலாவதில் மொழிப் பட்டியலை உருட்டினோம்.
தாஜிக் இருந்தது. தாத்தார் இருந்தது.
இடையில் நாம் நிற்க வேண்டிய இடத்தில்
ஒன்றுமில்லை.
"வேற மொழின்னு போட்டுக்கலாம்" என்றாள்.
விரல் வரவில்லை. மூடச் சொன்னேன்.

இரண்டாவது எழுபது விழுக்காடு தருமாம்.
ஆனால் தொண்ணூறு நாளைக்கு
வேறெங்கும் கொடுக்கக் கூடாது.
குறுவையே நூற்றுப்பத்து நாள்,
போகட்டும் என்றுதான் நினைத்தேன்.
அதற்குக் கீழே பொடி எழுத்து:
இன்ன விலைக்குக் குறைந்தால் முப்பத்தைந்து,
கோப்பின் எடைக்கு ஒரு கழிவு,
நாம் சும்மா இருந்தால் தானே புதுப்பித்துக்கொள்ளும்.
பொடி எழுத்து எனக்குப் புதிதில்லை.
மூட்டைக்கு இவ்வளவு என்று
எந்தப் பட்டியலிலும் ஏறாத ஒரு தொகையை
தினமும் பார்த்தும் பார்க்காதவள் நான்.

மூன்றாவதில் கேட்டால்தான் அச்சடிப்பார்களாம்.
ஒருவர் கேட்டால் ஒரு பிரதி.
"அப்ப அடுக்கி வைக்க வேண்டாமா?"
"எதை அடுக்குறது?"
சிரித்துவிட்டேன்.
தார்ப்பாய் போதாமல் தை மழையில்
அடி வரிசை முளைவிட்டு
பச்சைப் பசேலென்று நின்ற இருநூறு சிப்பத்தை
அவள் பார்த்ததில்லை.
நனைவதற்கு மூட்டையே இல்லாத கிடங்கு!
அதிலேயே போடு என்றேன்.
பிரதிக்கு எனக்குப் பதினோரு ரூபாய் நாற்பது காசு.

அதுவும் லேசில் விடவில்லை.
பழைய எழுத்துருவில் அடித்த கவிதைகள்
ஏற்றியதும் கட்டம் கட்டமாக நின்றன,
கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம்.
சரிசெய்வதற்குள் மின்சாரம் இரண்டு முறை போனது.
பிறகு அட்டைப்படம்.
கோரையாற்று மதகு, என் கைபேசியில் எடுத்தது.
சிவப்பில் ஒரு வரி வந்தது:
தரம் போதாது. மாற்றிக் கொண்டு வரவும்.

அந்தக் குரலை எனக்குத் தெரியும்.
மீட்டர் பத்தொன்பது காட்டினால்
தலை நிமிராமல் சொல்வேன்,
"பதினேழுக்குள்ள காயவச்சுக் கொண்டாங்க."
போன தையில் நான்கு இரவு
பனியில் சாலையோரம் நெல்லைக் கிண்டிக்கொண்டு கிடந்த
பாமணி மேகவர்ணம்
ஐந்தாம் நாள் மறுபடி வரிசையில் வந்தபோதும்
நான் நிமிரவில்லை.
அவரைப் பற்றி ஒரு கவிதை இருக்கிறது,
பக்கம் இருபத்தாறு.
அதில் நிமிர்ந்து பார்த்ததாக
எழுதியிருந்தேன்.

ஜெசிந்தாவை நிறுத்தச் சொல்லி
அந்த ஒரு வரியை எடுத்தேன்.
கவிதை நொண்டியது.
நொண்டட்டும்.
மதகு வேண்டாம், வெறும் பழுப்புத் தாள் போதும்,
நடுவில் என் பெயர்.

பன்னிரண்டாம் நாள் கைபேசியில் வந்தது:
விற்பனை 1.
யார் என்று தளம் சொல்லாதாம்.
ஜெசிந்தாவைக் கேட்டேன். "நான் இல்லக்கா."
தம்பியைக் கேட்டேன்,
புத்தகம் போட்டதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான் எழுதிய பட்டியலில்
பெயரும் ஊரும் இல்லாமல்
ஒரு சிப்பம்கூட நகர்ந்ததில்லை.
பழைய கையிருப்புப் பதிவேட்டின் கடைசித் தாளில்
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு
எழுதி வைத்திருக்கிறேன்:
ஒன்று. அனுப்பியாயிற்று.
பெற்றவர் என்ற கட்டம்
இன்னும் காலி.