கதவை அடித்துச் சாத்தாத நாள்

கந்தளாய் தாண்டி
டிப்பர் ஒன்று உதறிவிட்டுப் போன கல்
மிளகளவுதான்.
சீனக்குடா வருமுன்னே அது
கண்ணாடிக்குக் குறுக்கே ஓர் ஆறு கீறி முடித்திருந்தது.

முதல் தடவை
இவர் தன் சிநேகிதனின் கராஜில் மாற்றினார்.
ஒன்றரை மணித்தியாலம்.
நாலாயிரம் ரூபா மிச்சம்.
அந்த நாலாயிரம்
ஐப்பசி முழுக்கச் சொட்டுச் சொட்டாய்
என் வலது பாதத்தில் இறங்கியது.
கார்ப்பட்டில் காளான் பூத்தது,
படமெடுத்து இவருக்கு அனுப்பினேன்.
இரண்டு நீலக் கோடு. பதில் இல்லை.
அன்றிரவு முதலில் கேட் அதிர்ந்தது,
பிறகு முன்கதவு, பிறகு அலமாரி.
நாங்கள் பேசாத நாட்களில்
எங்கள் வீட்டுக் கதவுகள்
நன்றாகவே பேசும்.

றிஸ்மினின் பட்டறை
அநுராதபுரச் சந்திக்கு இந்தப் பக்கம்
வலைக் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில்.
விளிம்பில் நகத்தை ஓட்டினான்.
"பாத்ரூமுக்குப் பூசுற சிலிக்கன் மிஸ் இது."
ஆர் ஒட்டினது என்று அவன் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

கம்பியைக் கரையால் நுழைத்து
உள்ளே இம்தாத், வெளியே அவன்,
மாறி மாறி இழுத்தார்கள்
சவர்க்காரக் கட்டியை நூலால் அறுப்பதுபோல.
கண்ணாடி கழன்றது.
போன வருஷத்து வரிப்பத்திரத்தில் பாதி
அதோடே போயிற்று.
அடியில், சட்டம் நெடுக,
துரு.

"உப்புக் காத்து. இதுக்கு மேல ஒட்டினா
கண்ணாடி துருவைத்தான் புடிச்சிக்கிட்டு நிக்கும்,
காரை இல்ல.
இண்டைக்கு ஏலா."

நாளை மறுநாள் மட்டக்களப்பில் கணக்காய்வு என்றேன்.
கூடக் காசு தாறேன் என்றேன்.
அவன் சாண்ட் பேப்பரை நாலாய் மடித்துக்கொண்டே
"மிஸ், கணக்குல நீங்க
ஒரு சைபரை விட்டுட்டுப் போவீங்களா?" என்றான்.

சுரண்டினான். துடைத்தான். கறுப்பாய் எதையோ பூசினான்.
காயட்டும் என்று பள்ளிக்குத் தொழப் போய்விட்டான்.

கண்ணாடியில்லாத காரில் தனியே இருந்தேன்.
பத்து வருஷமாய் ஓட்டும் தெரு
முதல் தடவையாக என் முகத்தில் பட்டது:
கருவாடு, டீசல், யாரோ பொரிக்கும் வடை.
புள்ளிமான் ஒன்று
பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்து நடந்து வந்து
பொனெட்டுக்கு மேலால் தலையை நீட்டி
முந்திய கராஜின் ரசீதை
மென்று விழுங்கிற்று.
தடுக்கத் தோன்றவில்லை.

மறுநாள், கையுறை.
புதுக் கண்ணாடியின் கரையில் விரல் படக்கூடாதாம்,
விரலின் எண்ணெய் போதுமாம் பிடி விட.
முக்கோண நுனியால் பசை
எங்கும் அறாமல் ஒரே கோடாய்ச் சுற்றி வந்தது.
உறிஞ்சிகளைப் பிடித்து இருவரும் தூக்கினார்கள்.
"பிஸ்மில்லாஹ்."
ஒரே இறக்கம்.
வைத்த பிறகு அசைக்கவில்லை.

"ஒரு நாளைக்கி ஓடாதீங்க.
நாடா இருக்கட்டும். நாலு நாள் கழுவ வேணாம்.
ஜன்னல் ரெண்டு விரலுக்குத் திறந்திருக்கணும்.
கதவை மட்டும்
அடிச்சிச் சாத்திராதீங்க,
உள்ள காத்து முட்டி, ஈரப் பசை விட்டிரும்."

அடுத்த நாள் பின்னேரம் எடுக்கப் போனபோது இவரும் வந்தார்.
"இன்னும் ஒரு நாளைக்கி கதவு கவனம்," என்றான் றிஸ்மின்,
என்னைப் பார்த்து அல்ல.
இவர் ஏறி, முட்டையை அடுக்குபவர் போல
இரண்டு கையாலும் கதவை இழுத்து
டிக் என்ற சத்தத்துக்குக் காத்திருந்தார்.
உட்துறைமுக வீதியால் மெதுவாய் வந்தோம்.
வீட்டு முன்கதவையும்
அப்படியேதான் சாத்தினார்.
அதைப்பற்றி றிஸ்மின் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போய் வந்தேன்.
ஐந்தாம் நாள்
ஹோஸ் பைப்பைப் பிடித்தவர் இவர்.
உள்ளே நான்,
வலது கால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு.
கண்ணாடி நிறையத் தண்ணீர்,
அதற்குப் பின்னால் நெளிகிற இவர் முகம்
வாயசைத்துக் கேட்டது:
ஒழுகுதா?

பாதம் காய்ந்துதான் இருந்தது.
கொஞ்ச நேரம்
கேளாதவள் போலவே இருந்தேன்.