குறை எடை

மொந்தெராவா நகரசபையில் எடை எழுதுபவன் நான்.
கம்பளி, உப்பு, சிறைக்குப் போகும் ரொட்டி,
எதுவும் என் தராசு முள்ளைத் தாண்டித்தான் போகும்.

அந்தத் தவக்காலத்தில் வெண்கலம் கேட்டார்கள்.
புதுப் பேராலயத்தின் கடைக்காலில் புதைக்க,
பெரிய இடங்களுக்கு அனுப்ப,
நாற்பது பதக்கம்.
ஒரு பக்கம் ஆயர் லத்தான்சியோவின் முகம்,
மறுபக்கம் எங்கள் கோட்டைவாசல்.

எது தலை, எது பூ என்று
ஒன்பது நாள் சபை கூடியது.
"மதிலைக் கட்டியவர்கள் நாங்கள்" என்றார் பலமேதே,
மேசையில் குத்தி.
பத்தாம் நாள் ஆயரிடமிருந்து ஒரு சீட்டு:
சபை பட்ட கடனில் பாதி தள்ளுபடி.
ஆயர் தலையானார்.
நாங்கள் பூ.

உலை ஒர்சீனாவுடையது.
கணவன் கொள்ளைநோயில் போனபின்
பீரங்கியும் ஆலயமணியும் அவளே வார்க்கிறாள்.
மெழுகில் ஆயரின் தாடையைக்
கட்டைவிரலால் மூன்று முறை வழித்தாள்.
மூன்று முறையும் ஆள் வந்தது,
இன்னும் கொஞ்சம் என்று.
"இனி எடுத்தால் கழுத்துதான்" என்றாள்.
வந்தவன் சிரிக்கவில்லை.

உலோகம் போதவில்லை.
புனித பியாஜோ சிற்றாலயத்தின் விரிசல் மணி பாதிக்கு வந்தது.
மீதிக்கு என் அறை மூலையில் ஒரு சாக்கு:
கசாப்புக்காரர்களிடம் பறித்த கள்ள எடைக்கற்கள்,
அடியைக் குடைந்து மெழுகும் தவிடும் அடைத்தவை.
ஒவ்வொன்றையும் எனக்குத் தெரியும்.
சலவைக்காரி தெச்சா ஓராண்டாய் இழந்த ஈரல்
இதோ, இந்த மூக்குடைந்த கல்லில்.

உலைக்குள் போட்டபோது
பட்டறை முழுக்கத் தவிடு கருகும் வாசம்.
ஒர்சீனா என்னைப் பார்த்தாள். நான் ஏட்டைப் பார்த்தேன்.

ஆறியதும் அரம் போட்டுத் தேய்த்தபோது
ஆயரின் முகத்தைச் சுற்றி எழுத்துகள் தெளிந்தன:
வாய்மையே என் அரண்.

அடிக்கல் நாளில் பன்னிரண்டு பதக்கம் மண்ஜாடியில்.
தூபப்புகைக்கு நடுவே மறுபடி கிசுகிசுப்பு,
எந்த முகம் வானம் பார்க்க வேண்டும் என்று.
கொத்தன் ஃபுர்லானோ கொஞ்சம் பொறுத்தான்.
சுண்ணாம்பு இறுகிக்கொண்டிருந்தது.
ஜாடியை ஒரு குலுக்குக் குலுக்கி,
மூடி, கல்லை இறக்கிவிட்டான்.

மற்றவை கோவேறு கழுதைமேல் புறப்பட்டன,
கர்தினால்களுக்கு, கடன் கொடுத்தவர்களுக்கு,
படையை இந்தப் பக்கம் திருப்பிவிடக் கூடியவர்களுக்கு.
எனக்கும் ஒன்று கிடைத்தது,
மூன்று மாதச் சம்பளத்துக்குப் பதில்.

அன்றிரவு கதவைத் தாழிட்டுவிட்டு
அதை ஒரு தட்டில் வைத்தேன்.
மறுதட்டில் நகரமுத்திரை பதித்த கால் ராத்தல்.
ஒவ்வொன்றும் கால் ராத்தல் என்று
ஒப்பந்தத்தில் இருப்பது என் கையெழுத்து.

ஆயர் மெல்ல மேலே எழுந்தார்.

பேரேட்டைத் திறந்து,
குறைவுக்குக் காரணம் என்ற பத்தியில்
எழுதினேன்: தாடை.