பட்டியலில் நாற்பத்தோராவது

விலாயத்தில் அறுபத்திரண்டு கிராமம்.
அலுவலகச் சுவர் வரைபடத்தில்
எல்லாவற்றுக்கும் குண்டூசி குத்தியிருக்கிறது.
பச்சைத் தலை என்றால் பள்ளிக்கூடம் உண்டு,
வெள்ளை என்றால் தண்ணீர் லாரி போகும்.
நாற்பத்தோராவது ஊசிக்குத் தலை உடைந்துவிட்டது.
அங்கேதான் போகிறோம்.

மௌஸா கணக்கெடுப்பவர்.
நான் வண்டி.
படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது:
'வண்டி, ஒன்று. ஓட்டுநர் உட்பட.'

முந்தாநாள் மழையில் வாதி பாதையைத் தின்றிருந்தது.
கூழாங்கல்லை மென்று மென்று சக்கரங்கள் ஏற
அவர் மடியில் டேப்லெட்
சிக்னல் தேடியே சூடாகிக்கொண்டிருந்தது.

பதினோரு வீடு. பதினோரு பூட்டு.
கதவுதோறும் எண் ஒட்டினார்.
குடியிருப்போர் இல்லை.
குடியிருப்போர் இல்லை.
பாதிப் பேர் மஸ்கட்டில், ஒரு குடும்பம் அபுதாபியில்,
ஷேக் மட்டும் வெள்ளிக்கிழமை வருவாராம்,
எலுமிச்சை பறிக்க.

பேரீச்சைகளுக்குள்ளிருந்து
முழங்கால் வரை சேறாக ஒருவன் வந்தான்.
என் முகத்தைப் பார்த்ததும்
பேசிக்கொண்டிருந்த அரபியைப் பாதியில் விட்டு,
"நீங்க எந்தப் பக்கங்க?"

சந்தியாகு. திருவாடானைக்காரன்.
அட்டையில் முகவரி ஸோஹார், ஒரு தகரக் கிடங்கு.
அந்தக் கிடங்கை அவன் பார்த்ததேயில்லை.

இடுப்பில் பதினோரு சாவி.
பையில் ஒரு கோடுபோட்ட நோட்டு,
ஃபலஜ் தண்ணீரின் முறைக்கணக்கு, தமிழில்:
சாலிம் வீடு மூன்று அதர்.
ஹமதின் விதவைக்கு ஒன்றரை.
பள்ளிவாசல் மரங்களுக்கு வியாழன் இரவு ஒன்று.
அதர் என்றால் இங்கே அரைமணி நேரத் தண்ணீர்.
பழந்தமிழில் வழி.
இதை மௌஸாவுக்கு எப்படி மொழிபெயர்ப்பது,
விட்டுவிட்டேன்.

அண்ணன் தம்பி சண்டை மஸ்கட்டிலிருந்து ஃபோனில் வரும்.
ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மடையை மாற்றுவான்,
தீர்ப்பும் சொல்வான்.
வி.ஏ.ஓ. அவன், தலையாரி அவன்,
வாய்க்காலில் விழுந்த ஆட்டைத் தூக்குகிறவனும் அவன்.

"யாரும் இல்லையென்றால்
கைவிடப்பட்ட ஊர் என்று போய்விடும்,
லாரி நின்றுவிடும்," என்றார் மௌஸா.
"இன்றிரவு பன்னிரண்டுக்கு யார் எங்கே உறங்குகிறாரோ
அவர் அந்த ஊர். அதுதான் விதி."

சொன்னேன். சிரித்தான்.
"என்னை எண்ணிராதீங்கண்ணே.
கார்டு ஸோஹார்ல இருக்கு, ஆளு இங்க இருக்கேன்.
மாட்டுனா கஃபீலுக்கு ஒண்ணுமில்ல."

மொழிபெயர்க்காமலே அவருக்குப் புரிந்தது.
டேப்லெட்டை அணைத்தார்.
வானத்தைப் பார்த்தார், மழைக்கான ஒரு மேகமும் இல்லை.
"வாதியில் வெள்ளம் வரலாம்," என்றார்.
"காலையில் இறங்குவோம்."

சாலிம் வீட்டைத் திறந்துவிட்டான் அவருக்கு.
எனக்கு வண்டியின் பின்சீட்.
மூவருக்கும் மத்திச் சம்பால், ஒரே தட்டு.
பன்னிரண்டு மணிக்கு விழித்திருந்தேன்,
உறங்குவதாகக் கணக்கு.
அவன் வியாழன் முறைக்கு மண்வெட்டியோடு
இருட்டில் நடந்துபோனான்.

காலையில் பெயர் கேட்டார்.
ஆறு வருடமாக ஒரே வண்டியில் வருகிறோம்.
"தயாளன்," என்றேன். "கதிர்வேல் மகன்."
"வேறு யாராவது?"
இருவரும் மடைப்பக்கம் பார்க்கவில்லை.

நாற்பத்தோராவது ஊசிக்கு இப்போது வெள்ளைத் தலை.
மக்கள்தொகை இரண்டு.
ஆண் ஒன்று, பெண் ஒன்று.
இரண்டு பேருமே அங்கே இல்லை.

வண்டியைக் கிளப்பும்போது
ஜன்னலோரம் வந்து நோட்டை விரித்தான்:
"ஊர்க்காரங்க ஆயிட்டீங்க.
பேருக்கு அரை அதர் எழுதிக்கவா?"