பதினேழாவது குடம்

தரமணி, கானகம். பேரில் மட்டும் காடு.
மே மாதம், பிற்பகல் இரண்டே கால்.
லாரி இன்னும் வரவில்லை.
தூங்குமூஞ்சி மரத்தடியில் குடங்கள் நிற்கின்றன,
மஞ்சள், பச்சை, வாய் விரிசல் விட்ட நீலம்.
நீலம் என்னுடையது. பதினேழாவது.

மேலே சில்வண்டுகள்,
கம்பி அறுக்கும் மிஷினை யாரோ
நிறுத்த மறந்துவிட்டுப் போனதுபோல.
ராத்திரி முழுக்க ஹெட்போனில்
யார் யாருக்கோ "புரியுது சார்" சொல்லிக் களைத்த காது,
அதில் இதுவும் ஏறுகிறது.

முன்கையில் ஒரு துளி விழுந்தது. இன்னொன்று.
தனபாக்கியம் அக்கா வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.
அது மழையில்லை என்று நான் சொல்லவில்லை.

சில்வண்டு இலை தின்னாது, காய் கடிக்காது.
ஊசி மூக்கைப் பட்டைக்குள் இறக்கி
வேரிலிருந்து ஏறுகிற தண்ணீரை உறிஞ்சும்.
சத்தென்று சொல்ல அதில் பெரிதாய் ஒன்றுமில்லை,
அதனால் குடித்துக்கொண்டே இருக்கும்,
குடித்ததை நம் தலையில் கழித்துக்கொண்டும்.
எங்கள் சந்தில் நானூறு அடிக்கு போர் இறக்கியும்
புழுதிதான் வந்தது.
மெஹருன்னிசாவின் ஸ்கூட்டர் சீட்டெல்லாம்
பொட்டுப் பொட்டாய் ஈரம்.

நடுவில் ஒரு சத்தம் மட்டும் கிழிந்தது.
கரிச்சான். மின்கம்பியிலிருந்து சாய்ந்து, ஒரே கொத்து.
இறக்கை இரண்டும் தனியாய்ச் சுழன்று
பச்சைக் குடத்துக்குள் இறங்கின,
நரம்போடிய பாலிதீன் துண்டுகள்.
நேற்று டிரான்ஸ்பார்மர் பக்கம் ஓணான்.
முந்தாநாள் விடிகாலை, ஷிப்ட் முடிந்து வேனிலிருந்து இறங்கினபோது
டியூப்லைட்டடியில் மல்லாந்து கிறுகிறுத்த ஒன்றை
சாம்பல் பூனை அரைமணி நேரம்
விளையாடியே தின்றது.
மிச்சத்துக்கு எறும்பு.

கத்துவது ஆண் மட்டும்தான்.
கத்தினால் துணை வரும்,
கத்தினால் கரிச்சானும் வரும்.
யார் போட்ட கணக்கோ.

பெண் எங்கே என்று தேடினேன்.
வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது,
பட்டையோடு பட்டையாய், கண் மட்டும் துருத்தி,
தன்பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருந்தது.
பதினாறாவது குடத்துக்காரியும் அப்படித்தான்,
புதிதாய்க் குடிவந்தவள், பெயர் தெரியாது,
இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஹாரன்.

மரம் முழுக்க ஒரே நொடியில் அடங்கியது.
நாங்கள் ஆரம்பித்தோம்.
"வரிசை, வரிசை!"
"எவ அவ நடுவுல பூந்தது?"
"ஏகாம்பரண்ணே, ஓஸ இந்தப் பக்கம் விடு!"
தனபாக்கியம் அக்கா குரல்
ரயில் நிலையம் வரை போயிருக்கும்.

பத்தாவது குடத்தில் தண்ணீர் மெலிந்தது.
பதினாலில் இருமியது.
பதினாறு நிறைந்தது. பேசாதவள்
இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள்.
என் நீலத்தில் முக்கால்,
அதுவும் விரிசல் வழியே கசிகிறது.
எனக்கும் பின்னால் ஒன்பது குடங்கள் இருந்தன.
அவை கத்தியதை நான் எழுதப் போவதில்லை.

லாரி தெருமுனை திரும்பியதும்
மேலே ஒன்று மட்டும்
வயிற்றை முறுக்கிப் பார்த்தது.
பிறகு பக்கத்துக் கிளை.
பிறகு எல்லாம்.

குடத்துக்குள் ஒரு துளி விழுந்தது.
அதையும் சேர்த்துத்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன்.